ரிவ்யூ மீட்டிங் இழுக்கிறது, முடிவு நிற்பதில்லை: பனியன் ஏற்றுமதி யூனிட்டுக்கு ஒரு கோளாறு நீக்கும் வழிமுறை

நாலு முதல் பத்து தையல் லைன் வரை ஓட்டிக்கொண்டு, இருபது முப்பது ஆர்டர்களை ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்கும் திருப்பூர் யூனிட்டுகளுக்காக எழுதியது இது. இங்கே கூட்டம் என்றால் இரண்டுதான்: வாரா வாரம் நடக்கும் ஆர்டர் ரிவ்யூ, ஏப்ரலுக்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை உட்காரும் திட்டக் கூட்டம். உங்கள் இடத்தில் தெரிகிற அறிகுறியைக் கீழே தேடுங்கள். முதலில் சோதனை, அப்புறம்தான் திருத்தம். "மீட்டிங் இழுக்குதுங்க" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் மூன்று வேறு காரணங்கள் இருக்கும்; சோதிக்காமல் மருந்து போட்டால் இருக்கிற நோயும் போகாது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான், அதையும் மூன்று வாரமாவது ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: முக்கால் மணி நேரக் கூட்டம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது

சோதனை: அடுத்த கூட்டத்தில் ஒருவரை ஓரமாக உட்காரவைத்து நிமிஷத்துக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தாளில் மூன்று கட்டம்: நிலவரம் சொன்னது, காரணம் சொன்னது, முடிவெடுத்தது. பெரும்பாலான யூனிட்டில் முதல் கட்டம்தான் நிரம்பி வழியும். 24 ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிஷம் என்றாலே 96 நிமிஷம். ஒரு முடிவும் எடுக்காமலே ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

திருத்தம்: நிலவரத்தைக் கூட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். முந்தின நாள் மாலை 5 மணிக்குள் ஒவ்வொரு மெர்ச்சண்டைசரும் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) தன் ஆர்டர்களை ஒரே ஷீட்டில், ஆர்டருக்கு ஒரு வரி என்று நிரப்ப வேண்டும். ஸ்டைல் நம்பர், பையர், பீஸ் எண்ணிக்கை, எக்ஸ்-ஃபேக்டரி தேதி (சரக்கு யூனிட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள்), இப்போது இருக்கும் கட்டம், டிஎன்ஏ-படி (டைம் அண்ட் ஆக்ஷன், அதாவது ஆர்டரின் தேதி அட்டவணை) அந்தக் கட்டம் முடிய வேண்டிய தேதி, உண்மையில் முடியப் போகும் தேதி, எத்தனை நாள் சறுக்கல். ஷீட்டில் இந்த எட்டு பத்திக்கு மேல் வேண்டாம். ஒன்பதாவதைச் சேர்த்தால் யாரும் ஒழுங்காக நிரப்ப மாட்டார்கள்.

இரண்டு நாள் வரை சறுக்கியிருந்தால் கூட்டத்தில் அதைப் பேசுவதில்லை. மூன்று நாளும் அதற்கு மேலும் போனவை மட்டும் மேசைக்கு வரும். சாதாரண வாரத்தில் அது ஐந்தோ ஆறோ இருக்கும். ஆறு ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிஷம் என்றால் 36. மீதி 9 நிமிஷம் முடிவுகளைத் திரும்ப வாசிக்க.

இது எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் ஷீட்டில் பாதி வரி காலியாக இருக்கும். அதற்காகக் கூட்டத்தில் உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தீர்களானால் பழைய கதைதான். காலி வரி எந்த ஆர்டருடையதோ, அது தானாகப் பட்டியலின் முதல் இடத்துக்கு வரும் என்று வைத்துவிடுங்கள். யாருக்கும் முதல் ஆளாக நிற்கப் பிடிக்காது. மூன்றாவது வாரம் ஷீட் நிரம்பியிருக்கும். இரண்டாவது ஆபத்து முதலாளியிடமிருந்து வரும். ஆறு ஆர்டர் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், "மத்ததெல்லாம் எப்படிப் போகுது?" என்று ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வியில் ஷீட்டுக்கு இருந்த மதிப்பு போய்விடும். இதை அவரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசி வையுங்கள், கூட்டத்தில் அல்ல.

கிழமையும் கவனிக்க வேண்டியது. சனிக்கிழமை சம்பள நாள். புரொடக்ஷன் ஆட்களின் மனசு கணக்குப் பட்டுவாடாவில் இருக்கும். திங்கள் காலை யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று லைனை நிரப்பவே நேரம் போதாது. செவ்வாய் அல்லது புதன், காலை 10 மணி சரி. ஐரோப்பிய பையரின் ஆபீஸில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் 12.30, குளிர்காலத்தில் 1.30. அதற்குள் முடிவெடுத்து மெயிலை அனுப்பிவிட்டால் அன்றைக்கே பதில் வாங்க வாய்ப்பு இருக்கிறது. மாலை 4 மணிக்கு மீட்டிங் வைத்தால் அந்த ஒரு நாள் கைவிட்டுப் போகும்.

அறிகுறி: எல்லாரும் "ஆயிருமுங்க" என்கிறார்கள், தேதி மட்டும் தவறுகிறது

பல யூனிட்டில் மூல நோய் இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

"இருபதாம் தேதிக்குள்ள தையல் முடிஞ்சிருமா?"

"ஆயிருமுங்க சார்."

இது பதில் இல்லை, மரியாதை. எம்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் "முடியாதுங்க" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கேள்வியே ஆமாம் போடத் தோதாக இருக்கும்போது சூப்பர்வைசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சோதனை: போன நாலு வாரக் குறிப்பை எடுங்கள். "ஆகும்" என்று சொன்ன தேதிகளுக்கு எதிரே உண்மையில் ஆன தேதியை எழுதுங்கள். பத்தில் நாலுக்கு மேல் தவறியிருந்தால், கோளாறு ஆட்களிடம் இல்லை, நீங்கள் கேட்கும் விதத்தில் இருக்கிறது.

திருத்தம்: முடியுமா, ஆகுமா என்ற இரண்டு கேள்விகளையும் தூக்கிவிட்டு நாலு எண்களைக் கேளுங்கள். இதுவரை எத்தனை பீஸ் வெளியே வந்தது? நேற்று ஒரு நாளில் எத்தனை? மீதி எத்தனை? லைனில் இன்று எத்தனை டெய்லர்? தேதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு. சாதாரண டி-ஷர்ட், ஒரு பீஸுக்கு 6 நிமிஷ வேலை. லைனில் 20 டெய்லர், 8 மணி நேரம், அதாவது 480 நிமிஷம். மொத்தம் 9,600 நிமிஷம். எஃபிஷியன்சி 50 சதவீதம் என்றால் 4,800 நிமிஷம். நாளைக்கு 800 பீஸ். ஆர்டர் 12,000 பீஸ் என்றால் 15 வேலை நாள். டிஎன்ஏ-யில் பத்து நாள் போட்டிருந்தால் ஐந்து நாளைக் காணோம். அந்த ஐந்து நாளை "ஆயிருமுங்க" கொண்டுவராது. இன்னொரு லைனை ஐந்து நாள் சேர்த்தால் வரும். 8,000-மும் 4,000-மும் சேர்ந்து 12,000. ஒன்றரை ஷிப்டில் பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், காகிதத்தில் 1,200 பீஸ் வரும். சாயங்காலத்துக்கு மேல் தைத்ததில் ஆல்டரேஷன் கூடும், மறுநாள் காலை ஆட்கள் தாமதமாக வருவார்கள். 1,200-ஐ எழுதாதீர்கள். புது ஸ்டைல் ஏறிய முதல் இரண்டு நாள் 800-கூட வராது, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பேசும் வரிசையைக் கவிழ்த்துப் போடுங்கள். லைன் சூப்பர்வைசர் முதலில், பிறகு பிஎம் (புரொடக்ஷன் மேனேஜர்), அப்புறம் மெர்ச்சண்டைசர், கடைசியில் எம்டி. பெரியவர் முதலில் ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் எதிரொலிதான். சூப்பர்வைசரைக் கூட்டம் முழுக்க உட்காரவைக்கத் தேவையில்லை. அவருடைய ஆர்டர் வரும் பத்து நிமிஷத்துக்குக் கூப்பிட்டு அனுப்பிவிடலாம்.

இன்னொன்று, இதற்கு ஷீட்டும் பலகையும் உதவாது. முதன்முதலாக ஒருவர் "சார், இது 24-க்குத்தானுங்க முடியும்" என்று உண்மையைச் சொல்லும் அந்த நிமிஷம் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை அறையில் இருக்கும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திட்டு கிடைத்தால் அடுத்த வாரத்திலிருந்து மறுபடி "ஆயிருமுங்க"தான்.

அறிகுறி: மெர்ச்சண்டைசிங்குக்கும் புரொடக்ஷனுக்கும் சண்டை

"துணியே லேட்டாத்தான் வந்துச்சு." "துணி வந்து நாலு நாளாச்சு, கட்டிங் டேபிள்ல கிடக்குது." கேட்ட குரல்தான்.

சோதனை: ஒயிட் போர்டில் அந்த ஆர்டரின் சங்கிலியை எழுதுங்கள். லேப் டிப் அப்ரூவல் (சாயம் போட்ட மாதிரித் துணியின் நிறத்துக்கு பையர் தரும் ஒப்புதல்), நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி பதப்படுத்துவது), பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன் பையர் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், இன்ஸ்பெக்ஷன். மேலே திட்டத் தேதி, கீழே நடந்த தேதி. இடமிருந்து பார்த்துக்கொண்டே வந்து, இரண்டும் முதன்முதலாகப் பிரிகிற இடத்தில் வட்டம் போடுங்கள். அந்த இடம் பெரும்பாலும் சண்டை நடக்கும் இடத்துக்கு வெகு தூரத்தில் இருக்கும். லேப் டிப் 12-ஆம் தேதி ஓகே ஆக வேண்டியது. அன்றைக்கு ரிஜெக்ட் ஆகி, மறுபடி அனுப்பி, 22-ஆம் தேதி ஓகே ஆனது. பத்து நாள் அங்கேயே போய்விட்டது. இது யாருக்கும் ஞாபகம் இல்லாமல் ஐந்து வாரம் கழித்து கட்டிங் மாஸ்டர் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

திருத்தம்: கூட்டத்தில் "யாரால" என்ற சொல்லுக்குத் தடை, "எந்தத் தேதியில" என்று மட்டும் கேட்கலாம். இடைவெளி தெரிந்ததும் அதை எப்படி மீட்பது என்பதற்கு மட்டுமே நேரம். மீட்கும் வழிகள் ஐந்தாறுக்கு மேல் கிடையாது: முழுத் துணிக்காகக் காத்திராமல் முதல் லாட்டில் கட்டிங்கை ஆரம்பிப்பது, இரண்டாவது லைன், தையலை ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பது, பிரித்து ஷிப்மென்ட் அனுப்ப பையரிடம் கேட்பது, தேதி நீட்டிப்பு கேட்பது, கடைசியாக ஏர், அதாவது விமானத்தில் அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் ரூபாய்க் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஏர் ஷிப்மென்ட்டுக்கு அன்றைய ரேட்டை டாக்குமென்டேஷன் ஆள் காலையிலேயே வாங்கி வைக்கட்டும். அந்த எண் இல்லாமல் நடக்கும் விவாதத்தில் சத்தம் மட்டும் மிஞ்சும்.

தேதி நீட்டிப்பு கேட்பதானால் இடைவெளி தெரிந்த வாரமே கேளுங்கள். நாலு வாரத்துக்கு முன் கேட்ட ஐந்து நாளைத் தர பையருக்கு வழி இருக்கும். வெசல் கட்-ஆஃபுக்கு (கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம்) இரண்டு நாள் முன்னால் கேட்டால் அது டிஸ்கவுண்ட்டில் முடியும்.

இவ்வளவு செய்தும் சண்டை ஓயவில்லை என்றால் அது கூட்டத்துக்கு வெளியே இருக்கும் கோளாறு. மெர்ச்சண்டைசரை எம்டி அளப்பது ஷிப்மென்ட் தேதியால், பிஎம்-ஐ அளப்பது நாளைக்கு எத்தனை பீஸ் என்பதால். பீஸ் எண்ணிக்கைக்காக வேலை பார்ப்பவர் சுலபமான ஸ்டைலைத்தான் முதலில் ஏற்றுவார், அவசர ஸ்டைலை அல்ல. இதற்கு ஒரு வழி, செவ்வாய்க் கூட்டம் முடிந்ததும் இந்த வாரம், அடுத்த வாரம் இரண்டுக்குமான லைன் லோடிங்கை, அதாவது எந்த லைனில் எந்த ஸ்டைல் ஏறும் என்பதை, பூட்டிவிடுவது. மாற்ற வேண்டுமானால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். எம்டி சொன்னாலும் கையெழுத்து உண்டு.

அறிகுறி: ஒருவர் பேசுகிறார், பதினோரு பேர் டீ குடிக்கிறார்கள்

"யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்குதா?" என்று கேட்டுவிட்டு மூன்று விநாடியில் அடுத்த பாயிண்ட்டுக்குப் போனால் யாரும் பேச மாட்டார்கள். முதலில் எழுதவையுங்கள். 1971-ல் டெல்பெக்கும் வான் டி வெனும் வகுத்த முறை ஒன்று இருக்கிறது, ரொம்ப எளிது. கேள்வியைப் பலகையில் எழுதுவது. 5 நிமிஷம் எல்லாரும் பேசாமல் சீட்டில் எழுதுவது. சுற்றி வந்து ஆளுக்கு ஒன்றாகச் சொல்வது, அப்போது விவாதம் கிடையாது. புரியாததை மட்டும் விளக்கிக்கொள்வது. பிறகு ஆளுக்கு மூன்று ஓட்டு. பன்னிரண்டு பேருக்கு மொத்தம் 35 நிமிஷம் ஆகும். வாராந்திரக் கூட்டத்துக்கு இது அதிகம். ரிஜெக்ஷன் ஏன் கூடுகிறது என்பது போல ஒரே விஷயத்துக்காக உட்காரும்போது பயன்படுத்துங்கள்.

பெயர் தெரியாமல் எழுதச் சொன்னால் போதாது, கையெழுத்து எல்லாருக்கும் தெரியும். சீட்டுகளை வாங்கி வேறொருவர் பலகையில் எழுதட்டும். எழுதத் தயங்குபவரும், இந்தியோ ஒடியாவோ பேசும் சூப்பர்வைசரும் இருந்தால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதவையுங்கள். தையல் ஹாலில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது பல சமயம் அவருக்குத்தான் தெரியும்.

அறிகுறி: முடிவு எடுத்தோம், வெள்ளிக்கிழமை யாருக்கும் நினைவில்லை

சோதனை ஒரு நிமிஷ வேலை. மினிட்ஸ் நோட்டில் ஏதாவது ஒரு வரியைப் படியுங்கள். "துணி விஷயமா டையிங்ல ஃபாலோ அப் பண்ணணும்" என்று இருந்தால் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அந்த வரியில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை, எவ்வளவு துணி என்பதும் இல்லை.

அதே வரி இப்படி இருக்க வேண்டும்: "ஸ்டைல் 4417, நேவி, இரண்டாவது லாட் 600 கிலோ, வியாழன் மாலை 4-க்குள் காம்பாக்டிங்குக்கு வந்துவிட வேண்டும். பொறுப்பு: இன்னார். வராவிட்டால் 4.30-க்கு பிஎம்-க்கு போன்." எது, எவ்வளவு, எப்போது, யார், தவறினால் என்ன. ஐந்தாவதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். அது இல்லாததால்தான் வியாழன் வராத துணி அடுத்த செவ்வாய் வரை யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது. பொறுப்பு என்ற இடத்தில் "துணிப் பிரிவு" என்று எழுதக் கூடாது, ஒரே ஒரு ஆள் பெயர்தான். இரண்டு பெயர் எழுதினால் ஒருவரை நம்பி மற்றவர் இருந்துவிடுவார்.

கடைசி 9 நிமிஷத்தில் அவரவர் வரியை அவரவரே வாசிக்க வேண்டும், எழுதியவர் வாசிக்கக் கூடாது. தன் வாயால் "வியாழன் நாலு மணி" என்று சொல்லும்போதுதான், "சார், வியாழன் அந்த டையிங்ல கரண்ட் ஷட்டவுன்" என்பது ஞாபகம் வரும். தாளைப் போட்டோ எடுத்துப் பத்து நிமிஷத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். அடுத்த கூட்டம் அந்தத் தாளில்தான் தொடங்கும்: ஆச்சு, ஆகலை. இரண்டு சொல் போதும், கதை வேண்டாம்.

அறிகுறி: ஒரே பாயிண்ட் மூன்று வாரமாக வருகிறது

முடிவெடுக்க வேண்டியவர் அறையில் இல்லை, அல்லது காசு இல்லை. நூல்காரருக்குப் பழைய பாக்கி நிற்கும்போது "நூல் எப்ப வரும்" என்று மெர்ச்சண்டைசரை வாரா வாரம் கேட்பதில் அர்த்தமில்லை. மூன்றாவது முறை வரும் பாயிண்ட்டைக் கூட்டத்திலிருந்து எடுத்து, எம்டி, அக்கவுண்ட்ஸ், சம்பந்தப்பட்டவர் என்று மூன்று பேர் 15 நிமிஷம் தனியாக உட்காருங்கள்.

அறிகுறி: வருஷத் திட்டம் என்பது போன வருஷ டர்ன்ஓவருடன் இத்தனை சதவீதம்

சோதனை: இலக்கை ரூபாயிலிருந்து பீஸுக்கு மாற்றுங்கள். 6 லைன், லைனுக்கு 800 பீஸ், 300 வேலை நாள் என்றால் 14,40,000 பீஸ். சராசரி எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையிலான ஒரு பீஸ் விலை) ரூ. 250 என்றால் 36 கோடி. இலக்கு 45 கோடி என்று போட்டிருந்தால் 25 சதவீதம் எங்கிருந்தோ வர வேண்டும். லைனைக் கூட்டுவதென்றால் ஏழரை லைன். எஃபிஷியன்சியைக் கூட்டுவதென்றால் 50-லிருந்து 62.5. விலையைக் கூட்டுவதென்றால் சராசரி ரூ. 312.50, அதாவது வேறு பையர், வேறு ஸ்டைல், ஒரு பீஸுக்கு ஆகும் நிமிஷமும் கூடும். இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு திட்டங்கள். ஆள் எடுப்பது, கடன் வாங்குவது, பயிற்சி கொடுப்பது எல்லாமே மாறும். எது என்று சொல்லாத வரை கையில் இருப்பது ஆசை.

300 நாளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர்கள் திரும்பி லைன் நிரம்ப எத்தனை நாளாகிறது என்பது உங்கள் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது. போன இரண்டு வருஷத்தை எடுத்துப் போட்டுக் கழியுங்கள்.

அறிகுறி: பதினாலு இலக்கு, ஒன்றும் நகரவில்லை

மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். அதோடு இந்த வருஷம் செய்யப் போவதில்லை என்று ஒரு பட்டியலை எழுதுங்கள். சொந்த பிராண்ட், பிரிண்டிங் யூனிட், இரண்டாவது ஃபேக்டரி என்று மனசில் ஓடிக்கொண்டிருப்பதெல்லாம் அதில் வரட்டும். இரண்டாவது பட்டியலை எழுத வைப்பதுதான் கஷ்டம்.

அறிகுறி: ஏப்ரலில் போட்ட திட்டம் ஜூலையில் செத்துவிடுகிறது

திட்டம் போடும்போது எல்லாம் நல்லபடி நடக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதிய ஒரு பயிற்சி இதற்கு நன்றாக வேலை செய்யும். திட்டம் முடிவானதும், கையெழுத்துப் போடும் முன், சொல்லுங்கள்: "அடுத்த மார்ச் வந்துவிட்டது. திட்டம் படுத்துவிட்டது. ஏன் என்று எழுதுங்கள்." படுக்குமா என்று கேட்கக் கூடாது, படுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் எதிர்த்துப் பேசுகிறோமோ என்ற கூச்சம் போகும். எழுத 5 நிமிஷம், சுற்றி வாசிக்க 15, தொகுக்க 10, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று பேச 30.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கற்பனை தேவைப்படாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2022 மே மாதம் நூல் விலை தாங்காமல் ஊரே இரண்டு நாள் கதவடைத்தது. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆனது. மூன்றுமே எந்தக் கம்பெனியின் ஏப்ரல் திட்டத்திலும் ஒரு வரியாக இருந்திருக்காது.

தொகுத்ததில் பெரிய மூன்றை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண்டுகோல் எண் எழுதுங்கள். "நூல் கிலோவுக்கு ரூ. 20 ஏறினால், மூன்று நாளுக்குள் கையில் இருக்கும் எல்லா காஸ்டிங்கையும் மறுபடி போடுவது. பொறுப்பு மெர்ச்சண்டைசிங் மேனேஜர்." "ஒரே பையரின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டினால், அந்தக் காலாண்டே அடுத்த பையருக்கு சாம்பிள் அனுப்புவது." எண்ணை உங்கள் லாப விகிதத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எண் இல்லாமல் விடாதீர்கள். "விலை ரொம்ப ஏறினால்" என்று எழுதி வைத்தால் அந்த ரொம்ப எப்போது வந்தது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

காலாண்டுக்கு ஒருமுறை அரை நாள் உட்கார்ந்து இந்தத் தாளை மட்டும் பாருங்கள். ஜூலை, அக்டோபர், ஜனவரி. அக்டோபர்க் கூட்டத்தைத் தீபாவளி போனஸ் பேச்சு ஆரம்பிக்கும் முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் பொங்கல் கழிந்து ஆட்கள் திரும்பிய பிறகு.

அறிகுறி: திட்டக் கூட்டம் அரை மணி நேரத்தில் இன்றைய ஷிப்மென்ட் பேச்சாகிவிடுகிறது

யூனிட்டுக்குள் வைத்ததுதான் தவறு. வெளியே ஒரு ஹால், காலை 9 முதல் 1 வரை. போனைப் பிடுங்கி வைத்தால் வேலைக்காகாது. ஃபேக்டரியில் ஒருவரை டூட்டிக்கு வைத்து, 11 மணி டீ இடைவேளையில் மட்டும் அவர் பிஎம்-ஐக் கூப்பிடலாம் என்று சொல்லிவிடுங்கள். கன்டெய்னர் கிளம்பும் நாளில் இதை வைக்காதீர்கள்.

அறிகுறி: ஒன்றுமே இல்லை, கூட்டம் அருமையாகப் போகிறது

இதையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். கூட்டம் 40 நிமிஷத்தில் முடிகிறது, ஷீட்டில் மூன்று நாள் சறுக்கல் எதுவும் இல்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷிப்பிங் ரிஜிஸ்டரை எடுங்கள். ஏரில் போனது, டிஸ்கவுண்ட் கொடுத்தது, தேதி நீட்டி வாங்கியது என்று மூன்றையும் பட்டியலிட்டு, அந்த ஒவ்வொரு ஸ்டைலும் எந்தெந்தத் தேதி ஷீட்டில் என்ன நிலவரத்தில் இருந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். ஏரில் போன ஸ்டைல் அதற்கு முந்தின மூன்று வாரமும் இரண்டு நாள் சறுக்கல் என்றே இருந்திருந்தால், மூன்று நாள் எல்லையைத் தொடாமல் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த ஸ்டைலின் பண்டில் டிக்கெட்டையும் (வெட்டிய துண்டுகளின் ஒவ்வொரு கட்டோடும் போகும் சீட்டு) டெய்லி புரொடக்ஷன் ரிப்போர்ட்டையும் ஷீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்கள் எந்த வாரத்தில் பிரிகின்றனவோ, அந்த வாரக் கூட்டத்தில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.